கனெக்ஷனுக்குக் குளிராது

அந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டுக்கும் குளிர்காலம் வரும். ரொட்டியக்கா வீட்டுக்கு மட்டும் வராது. இதில் மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. கீழே அவளுடைய பேக்கரி, நேர் மேலே அவளுடைய வீடு. விடிவதற்கு முன்னால் அடுப்பைப் போட்டால் பதினோரு மணி வரைக்கும் ரொட்டி வெந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு கூரையைத் தாண்டி மேலே போய், சமையலறைத் தரை, கூடத்துத் தரை என்று பரவி, கட்டில் கால் வரைக்கும் எட்டிப் பார்த்துவிடும். தெருக் குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கிற நாளில்கூட அவள் புருஷன் வெறும் பனியனோடு, வெறுங்காலைத் தரையில் தேய்த்தபடி பேப்பர் படிப்பார். ஹீட்டர் ஒன்று பரண்மேல் கிடக்கிறது. அதைக் கடைசியாக எப்போது இறக்கினார்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்குத்தான் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. குளிர்கால மின்கட்டண உதவி. வீட்டு கனெக்ஷன் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று போட்டு, பணத்தையும் கையோடு பேங்கில் போட்டிருந்தார்கள். கடிதத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம். 'இந்த உதவி தேவையில்லை என்று நினைப்பவர்கள் கட்டத்தில் குறியிட்டு மாதக் கடைசிக்குள் திருப்பி அனுப்பலாம்.'

மத்தியானம் கடையில் தட்டுகளைச் சுரண்டும்போது ரொட்டியக்கா பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, அந்தப் பணம் நமக்கு வேணாங்க."

அவள் புருஷன் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் டிரைவர்தான். கையிலிருந்த சுரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னே?"

"வேணாம்னு சொன்னேன்."

"முப்பது வருஷம் வரி கட்டினேன். ஒரு மாசமாவது, 'டிரைவர், இந்த மாசம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கா, வேணாம் விடுங்க'ன்னு எவனாவது சொன்னானா? இப்ப அதிசயமா ஒண்ணு திரும்பி வருது. அதையும் நீ துரத்திவிடு."

"நம்ம வீட்டு பில்லு என்னங்க வருது? ஒரு பல்பு, ஒரு டிவி. அந்த டிவியும் நீங்க தூங்கறதைத்தான் பாத்துக்கிட்டிருக்கு."

"கடை பில்லு? இந்த அடுப்பு குடிக்கிற கரண்டுக்கு யாரு உதவி தர்றாங்க?"

"கடைக்குக் கிடையாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்."

"அவன் போடுவான். ஒரே குடும்பம், ஒரே பாக்கெட். இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம் வச்சா யாரு வந்து கேக்கப் போறா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடை பில் வந்தால் ரொட்டியக்காவே அதைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். ஆனால் நாலு நாளாக அவள் மனசில் வேறொன்று உட்கார்ந்திருந்தது.

நாலாவது மாடியில் ஒரு நர்ஸம்மா குடியிருக்கிறாள். வார்டு வார்டாக நடந்து ஓய்வு பெற்றவள், தனி ஆள். தினம் ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்து, அடுப்புச் சுவருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அந்த மூலை நாற்காலியில் உட்காருவாள். ஒரு டீ, ஒரு பன். பன்னை ஊசி மருந்து அளக்கிற மாதிரி பிய்த்துப் பிய்த்துத் தின்ன இரண்டு மணி நேரம் ஆகும். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் ஒரு பிடி பிடிப்பாள். "மூக்கு ஒழுகுது, துடைச்சிட்டுப் பேசு." "மாவுக் கையால காதைச் சொறியாதே." பாவம், பேச ஆளில்லாமல் வருகிறாள் என்றுதான் ரொட்டியக்கா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

நாலு நாளைக்கு முன்னால் அடுப்பை அணைத்த பிறகும் நர்ஸம்மா எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடியே இருந்தாள். சுவர் ஆறுகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்திருந்தது. ரொட்டியக்காவுக்குச் சட்டென்று விளங்கியது. அவள் பேச வரவில்லை, குளிர்காய வந்திருக்கிறாள். அட கடவுளே, இத்தனை வருஷம் இது தெரியாமல் போச்சே என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

"நர்ஸம்மாவுக்குக் கொடுத்துடலாங்க" என்றாள்.

"அவங்களுக்கும்தானே வந்திருக்கும்? எல்லா வீட்டுக்கும்னுதானே போட்டிருக்கு?"

"வந்திருந்தா ஏன் சுவரைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க?"

"கஞ்சத்தனமா இருக்கும்."

"உங்க வாயைக் கழுவுங்க முதல்ல."

டிரைவர் சுரண்டியை எடுத்துக்கொண்டார். அவர் வாதத்தில் தோற்றால் தட்டு பளபளக்கும்.

அடுத்த நாள் மத்தியானம் ரொட்டியக்கா பணத்தை எடுத்து ஒரு கவரில் போட்டாள். வாங்க மறுத்தால் காட்டலாம் என்று கடிதத்தையும் வைத்துக்கொண்டாள். மேலே ஏறினாள். பதினெட்டு வருஷமாக அதே கட்டடத்தில் இருக்கிறாள். மொட்டை மாடிக்கு வெயில் காலத்தில் போயிருக்கிறாள். குளிர்காலத்தில் ஒரு நாளும் தன் வீட்டு வாசலைத் தாண்டி மேல் படியில் கால் வைத்ததில்லை. என்ன வேலை அங்கே?

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் மூச்சு புகையாக வந்தது. மூன்றாம் மாடியில் கைப்பிடிக் கம்பி கையைக் கடித்தது. ஒரு கதவுக்குப் பின்னால் கைக்குழந்தை இருமியது. நாலாவது மாடிக்குப் போவதற்குள் அவளுக்குப் பல் கிட்டித்துவிட்டது.

நர்ஸம்மா கதவைத் திறந்தாள். இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட்டு, தலையில் துண்டு. கட்டிலைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டிருந்தாள். கட்டில்மேல் ஆஸ்பத்திரி காலத்து ரப்பர் வெந்நீர்ப் பை இரண்டு. கூடம் காலியாகக் கிடந்தது, ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய புடவைக் கிழிசல்.

"என்ன, பன்னுக்குக் காசு குறையுதா?"

"அதெல்லாம் இல்லம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"சும்மா பாக்கிறதுக்கு நாலு மாடி ஏறினியா? மூச்சு வாங்குது பார். உக்காரு."

ரொட்டியக்கா கவரை நீட்டினாள். எதற்கு என்று, கட்டத்தில் குறி போட்டுத் திருப்பி அனுப்ப நினைத்தது வரைக்கும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் நர்ஸம்மாவின் முகம் மாறிவிட்டது.

"எடு அதை."

"அம்மா, எங்களுக்குத் தேவைப்படலை..."

"உனக்குத் தேவைப்படலைன்னா எனக்குக் கொண்டாந்து கொடுப்பியா? உன் வீட்டுல மீந்த குழம்பா இது?"

"அப்படி நினைக்காதீங்கம்மா. குளிர்ல நீங்க..."

"குளிர்றது எனக்குத் தெரியும். நீ வந்து சொல்லணுமா? தினம் உன் கடையில டீ குடிக்கிறேன், காசு வச்சிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். என்னிக்காவது கடன் சொல்லியிருக்கேனா?"

"இல்லம்மா."

"அப்புறம்? எனக்கு வரவேண்டிய பணம் ஒண்ணு இருக்கு. அது எங்கேன்னு கேட்டு வாங்கிக் கொடு, வாங்கிக்கிறேன். உன் பணம் எனக்கு எதுக்கு?"

ரொட்டியக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நர்ஸம்மா விளக்கினாள். அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. ஒன்றுதான் ரொட்டியக்காவுக்குச் சொந்தம். மற்ற பதினொன்றும் எதிர்வரிசையில் குடியிருக்கிற வீட்டுக்காரருக்கு. பதினொரு கனெக்ஷனும் அவர் பேரில். மாசா மாசம் மீட்டரைப் பார்த்துத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார், குடித்தனக்காரர்கள் கட்டுவார்கள். அரசாங்கக் கடிதம் பதினொன்றும் அவர் வீட்டுக்குப் போயிற்று, பணமும் போயிற்று.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். கனெக்ஷன் பேருக்கு வந்ததுன்னான். கரண்டு ஆபீஸுக்குப் போன் பண்ணேன். கடிதத்துல போட்டிருக்கு, பாருங்கன்னாங்க. எந்தக் கடிதத்தைப் பாக்கிறது? அதைத்தான் அவன் அமுக்கிட்டானே. பாக்கி குடித்தனக்காரங்க அது தங்களுக்கும் உண்டுன்னே தெரியாம இருக்காங்க."

ரொட்டியக்கா பையிலிருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸம்மா முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினாள். பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து, பொடி எழுத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். எட்டாவது வரியில் விரல் நின்றது. கட்டணத்தைக் குடித்தனக்காரர் கட்டுவதாக இருந்தால் உதவித் தொகையை முழுதாக அவரிடம் சேர்ப்பது கனெக்ஷன்காரரின் பொறுப்பு.

"இதைத்தான் நீ கட்டத்துல டிக் போட்டுத் திருப்பி அனுப்ப இருந்தியா?" என்றாள் நர்ஸம்மா. "புண்ணியவதி!"

ரொட்டியக்கா கீழே இறங்கும்போது கவரும் கையில், கடிதமும் கையில். பணத்தைக் கொடுக்கத்தான் அவள் மேலே போனாள். அது சுலபம், கவரை நீட்டினால் முடிந்தது. இப்போது தலையில் ஏறியிருக்கிறது வேறு. வீடுதான் சொந்தமே தவிர, கடை அதே வீட்டுக்காரருடையது. வாடகை ஒப்பந்தம் அடுத்த மாசம் முடிகிறது. அவர் ஒரு வார்த்தை மாட்டேன் என்றால் அடுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

டிரைவர் கேட்டதும் துள்ளிக் குதித்தார்.

"உனக்குப் பைத்தியமா? பணத்தைக் கொடுக்கப் போனவ கொடுத்துட்டு வரணும். வம்பை வாங்கிட்டா வருவாங்க? அந்தாளு கையெழுத்துப் போடாம பேனாவை மூடிட்டான்னா நாம தெருவுல நிக்கணும்."

"தெரியும்."

"தெரிஞ்சா? பேசாம நானே மேல போய் அவங்க கையைக் காலைப் பிடிச்சுப் பணத்தைக் கொடுத்துட்டு வர்றேன். நல்லதுக்கு நல்லதும் ஆச்சு, சண்டையும் இல்ல."

"நேத்து வரைக்கும் அது உங்க பாக்கெட்டுன்னீங்க."

"இன்னிக்கு என் கடை போகுதுடி!"

"அவன் எடுத்ததை நாம கொடுத்தா என்ன அர்த்தம்? அவன் திருட்டுக்கு நாம பட்டுவாடா பண்றோம்னு அர்த்தம். மூணாம் மாடியில குழந்தை இருமுதுங்க. என் காதால கேட்டேன். நான் செருப்பில்லாம தரையில நடந்துக்கிட்டு, போனா போகுதுன்னு ஒரு கவரை நீட்டினா சரியாப் போச்சா? எனக்கு வெக்கமா இருக்கு."

அன்றைக்கு அத்தனை தட்டும் இரண்டு தடவை சுரண்டப்பட்டன.

வீட்டுக்காரரைத் தெருவில் சாவிக்கொத்து என்பார்கள், அவர் இல்லாதபோது. இடுப்பில் பதினைந்து சாவி, நடந்தால் முன்னாலேயே சத்தம் வந்துவிடும். தினம் காலை எட்டு மணிக்குக் கடைக்கு வருவார். வரிசையில் நிற்க மாட்டார். முதல் ரொட்டி அவருடையது. அது டிரைவரின் அப்பா காலத்து ஏற்பாடு. கடை எடுக்கும்போது முன்பணம் கொடுக்க வழியில்லாமல், "தினம் அடுப்பிலிருந்து முதல்ல வர்ற ரொட்டி உங்க வீட்டுக்கு" என்று பேசிக்கொண்டார்கள். முன்பணம் என்றைக்கோ கட்டித் தீர்ந்துவிட்டது. ரொட்டி வாங்கிய சாவிக்கொத்தின் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ரொட்டி மட்டும் மகனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்கு வரைக்கும் அவர் கை பாக்கெட்டுக்குள் போனதில்லை.

மறுநாள் எட்டு மணி. சாவிச் சத்தம் கேட்டது. வரிசையில் எட்டுப் பத்துப் பேர். முன்னால் மூன்றாம் மாடிக் கைக்குழந்தைக்காரி, தோளில் குழந்தை. பின்னால் இரண்டாம் மாடி டியூஷன் வாத்தியார். மூலை நாற்காலியில் நர்ஸம்மா, அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன தங்கச்சி, வாசனை தெருவைத் தூக்குது" என்று சாவிக்கொத்து கையை நீட்டினார். சந்தோஷமாக இருந்தால் தங்கச்சி என்பார்.

"முதல் ரொட்டி இன்னிக்கு இல்லண்ணே."

"இல்லையா? தீஞ்சு போச்சா?"

"நல்லாத்தான் வெந்திருக்கு. உங்களுக்கு இல்ல."

ரொட்டியக்கா மாவு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கரண்டு உதவிப் பணம் பதினொரு வீட்டுக்கு வந்திருக்குல்ல? அது எங்கே?"

"ஓ, அதுவா? அது கனெக்ஷன் பேருக்கு வர்றது. கனெக்ஷன் என் பேர்ல இருக்கு."

"கனெக்ஷனுக்காண்ணே குளிருது?"

யாரோ சிரித்தார்கள். சாவிக்கொத்தின் முகம் சுருங்கியது.

"ஏம்மா, உனக்கு வந்துச்சுல்ல? அதை வச்சுக்கிட்டு நிம்மதியா இரேன். ஊரான் வீட்டுக் கணக்கு உனக்கு எதுக்கு?"

"எனக்கு வந்ததாலதான் கேக்கறேன். வந்திருக்காட்டி எனக்கும் தெரிஞ்சிருக்காது." கடிதத்தைத் திருப்பி எட்டாவது வரியைச் சத்தமாகப் படித்தாள். வாத்தியார் எட்டிப் பார்த்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி ஒரு தடவை படித்தார்.

"அப்ப எங்களுக்கும் வந்ததா?" என்றாள் கைக்குழந்தைக்காரி. "ஏழைங்களுக்கு மட்டும்தான்னு சொன்னீங்களே, சார்? நான் வந்து கேட்டப்ப சொன்னீங்களே?"

"கட்டடத்தை யாரு பராமரிக்கிறது? தண்ணி மோட்டார், படிக்கட்டு லைட்டு..."

"படிக்கட்டுல ஏது லைட்டு?" என்றார் வாத்தியார். "நான் டார்ச் அடிச்சுக்கிட்டுல்ல ஏறறேன்."

சாவிக்கொத்து ரொட்டியக்கா பக்கம் திரும்பினார். குரலை இறக்கினார். "அடுத்த மாசம் கடை வாடகைச் சீட்டு முடியுது. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குண்ணே. ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். நினைச்சு முடிச்சாச்சு."

சாவிக்கொத்து அவளை விட்டுவிட்டு உள்ளே பார்த்தார். "என்ன டிரைவரே, உங்க வீட்டம்மாவுக்குப் புத்தி சொல்ல மாட்டீங்களா?"

டிரைவர் அடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. குனிந்து, கல்லாவுக்குக் கீழே இருந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்தார். ரொட்டியக்காவுக்குப் பகீரென்றது. முதல் ரொட்டி. பெண்டாட்டிக்குத் தெரியாமல், சண்டை முடிந்ததும் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் பண்ணலாம் என்று மனுஷன் ஒளித்து வைத்திருக்கிறார்! பாவி மனுஷா, என்னை நடுக்கடையில் நிற்க வைத்துவிட்டாயே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சாவிக்கொத்து கையை நீட்டினார். குழந்தை மறுபடி இருமியது. டிரைவர் அந்தப் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு துணியைப் பிரித்து, கைக்குழந்தைக்காரி முன்னால் வைத்தார்.

"வரிசைல நீதானம்மா முதல்ல நிக்கிறே? காசை எடு. சூடு ஆறல, பாத்துப் பிடி."

சாவிக்கொத்து வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை, சாவிச் சத்தம்தான் கேட்டது. ரொட்டியக்கா புருஷனைப் பார்த்த பார்வையில் திட்டும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. "அப்புறம் பேசிக்கிறேன் உங்களை" என்றாள்.

பதினோரு மணிக்கு டிரைவர் அடுப்பை அணைக்கப் போனார். ரொட்டியக்கா தடுத்தாள்.

"அணைக்காதீங்க."

"வேக வைக்க ஒண்ணும் இல்லையே."

"ஆளுங்க இருக்காங்க. அந்த உதவிப் பணம் நமக்கு வேணாம்னு சொன்னேன்ல? இப்ப வேணும். பதினொரு வீட்டுப் பணமும் வந்து சேர்ற வரைக்கும் தினம் சாயங்காலம் வரைக்கும் அடுப்பு எரியட்டும். நர்ஸம்மா, இது உங்களுக்குத் தர்மம் இல்ல. சண்டைச் செலவு. இதுக்காவது ஒத்துக்குவீங்களா?"

நர்ஸம்மா கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். "சண்டைன்னா சரி" என்றாள். "டீக்கு மட்டும் காசு வாங்கிடணும்."

அப்படி ஆரம்பித்தது. மத்தியானம் வெறிச்சோடிக் கிடக்கிற கடையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து வாத்தியார் பாடம் நடத்தினார். கைக்குழந்தைக்காரி குழந்தையை அடுப்போரம் தட்டில் துணி விரித்துப் படுக்க வைத்தாள், இரண்டாம் நாளே அதன் இருமல் அடங்கியது. மற்ற குடித்தனக்காரர்களும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தார்கள். நர்ஸம்மா ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக் கையெழுத்தில் ஆபீஸுக்கு ஒரு புகார் எழுதினாள். பதினொரு குடித்தனக்காரரும் மாவு மேஜைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள், காகிதமெல்லாம் மாவு. ஆபீஸிலிருந்து திங்கட்கிழமை ஆள் வருவதாகப் பதில் வந்தது. எதிர்வரிசை ஜன்னலில் திரை தினம் ஐந்தாறு தடவை விலகி மூடியது. அந்த ஜன்னலைப் பார்த்துதான் டிரைவர் கடையின் முன்விளக்கையும் பகலிலேயே போட்டு வைத்தார். "சண்டைச் செலவு" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. சாவிக்கொத்து நின்றார். கோட்டுப் பாக்கெட் புடைத்திருந்தது. உள்ளே இருபது பேர், இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

"வர்றதா இருந்தா வாங்க, இல்லாட்டி கதவைச் சாத்துங்க" என்றாள் நர்ஸம்மா. "சூடு வெளிய போகுது."

உள்ளே வந்தார். பதினொரு கவரை மாவு மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் வீட்டு எண் எழுதியிருந்தது. நர்ஸம்மா தன்னுடையதைப் பிரித்து, எண்ணிப் பார்த்து, "சரியா இருக்கு" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

"எல்லாம் முடிஞ்சதுல்ல?" என்று சாவிக்கொத்து ரொட்டியக்காவைப் பார்த்தார். "கடைச் சீட்டு விஷயத்தை அடுத்த மாசம் பேசுவோம்."

"பேசுவோம்ணே. இங்கயே பேசுவோம். எல்லாரும் இருப்பாங்க."

டிரைவர் போய் அடுப்பை அணைத்தார். இந்தத் தடவை ரொட்டியக்கா தடுக்கவில்லை. சீட்டு என்ன ஆகுமோ, அடுத்த குளிருக்கு இந்த அடுப்பு இங்கே இருக்குமோ என்று மனசுக்குள் ஓடத்தான் செய்தது. ஓடட்டும்.

சாவிக்கொத்து வாசல் வரைக்கும் போனவர் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"நாளைக்கு ரொட்டி?"

"எட்டு மணிக்கு வாங்கண்ணே" என்றாள் ரொட்டியக்கா. "சில்லறையா எடுத்துக்கிட்டு வாங்க. வரிசை நர்ஸம்மாவுக்குப் பின்னால."